எனக்கும் அதே

சாங்ஷா, நவம்பர் 27

பெரியக்காவுக்கு,

நீ என்னைக் கைப்பேசியில் தடை செய்துவிட்டாய். அழைத்தால் மணியே அடிப்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் பனிக்கோட்டு அலமாரியிலேயே கிடந்தது. வடக்கே தியான்ஷுயில் குளிர் ஆரம்பித்திருக்கும் என்று நம் அறைத்தோழி ரெண்டாவது சொன்னாள். கோட்டை மடித்து, அதன் பைக்குள் இதை வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதைக் கிழித்துப் போட்டாலும் சரி. இல்லை, படித்துவிட்டுக் கிழி.

நீ போனதிலிருந்து அறை நன்றாக இல்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. நீ போனதற்குக் காரணமே நான்தானே.

நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வகுப்பின் மனநலப் பிரதிநிதி நீ. உளவியல் துறை வென் ஆசிரியை, கைப்பேசியில் நிரப்புகிற ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்கிறார். ஒருத்தரின் ஆளுமை உள்ளே எப்படி இயங்குகிறது, தன்னையும் மற்றவர்களையும் அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அளக்கிற தாள். வெளிநாட்டில் செய்தது, நம் கல்லூரிப் பிள்ளைகளைச் சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஆள் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை நிரப்ப வேண்டும், வகுப்பில் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது என்று உன் தலையில் கட்டினார்கள். முதல் தடவை நீயே உட்கார்ந்து நிரப்பினாய். இரண்டாம் தடவை, நிரப்பாத பையன்களைப் பிடிக்க ஆண்கள் விடுதிக்கு ஓடிக்கொண்டே படிக்கட்டிலிருந்து கத்தினாய்: "நாலாவது, என்னோடதையும் நீயே போட்டுடுடி. என் மாணவர் எண்தான் உனக்குத் தெரியுமே."

போட்டேன். தினமும் ஒருத்திக்கு ஒருத்தி வருகைப் பதிவு போடுகிறோம். பார்க்காத இணைய வகுப்பைப் பார்த்ததாகப் போடுகிறோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அது நம் பொறுப்பாசிரியர் காவின் மேசைக்குப் போகும் என்றோ, அவர் உன் அம்மாவை அழைப்பார் என்றோ, அம்மா ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் வந்து அறை வாசலில் நின்று உன் கட்டிலையே பார்ப்பார் என்றோ எனக்கு எப்படித் தெரியும்.

கிளம்பும்போது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "என்ன நெனச்சுடி அப்படிப் போட்ட?" அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். உன்னை நினைத்துத்தான் போட்டேன். சத்தமாக இருப்பவர்களுக்கு உள்ளே அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. பட்டது என்றால், அப்போது பட்டது. இப்போது தெரியவில்லை.

கோட்டில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது. தைத்திருக்கிறேன். நூல் நிறம்தான் கொஞ்சம் வேறு.

நாலாவது,
யூலின்

*

தியான்ஷுய், டிசம்பர் 4

அடி நாலாவதே,

கோட்டு வந்தது. நூல் நிறம் கொஞ்சம் வேறு இல்லை, கறுப்புக் கோட்டில் பச்சை நூல். ஆனாலும் எதையும் கிழிக்கவில்லை.

உங்கள் மூன்று பேரையும்விடச் சில மாதம் முன்னால் பிறந்த பாவத்துக்கு அறையில் என்னைப் பெரியக்கா ஆக்கிவிட்டு, நீங்கள் வயது வரிசையில் ரெண்டாவது, மூணாவது, நாலாவது ஆனீர்கள். அந்த உரிமையில் திட்டுகிறேன், வாங்கிக்கொள்.

சத்தமாக இருப்பவர்களுக்கு உள்ளே அப்படித்தான் இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? என் சத்தம் என் அம்மாவின் சத்தம். சந்தை முனையில் அவளுக்குக் குவாகுவா கடை. மாவைக் காய்ச்சி உறையவைத்து, கையால் பிய்த்துப் போட்டு, மேலே மிளகாய் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கிற கடை. சத்தம் போடாமல் அங்கே ஒரு கிண்ணம் விற்காது. அவ்வளவுதான் விஷயம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று என்னிடம் இரண்டு மாடி கிடையாது. கிடையாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இங்கே என் பிழைப்பைக் கேள். அம்மா பழம் வெட்டும் கத்தியை ஒளித்துவைத்துவிட்டாள். ஆப்பிள் விளைகிற ஊரில் ஆப்பிளைக் கடித்துத்தான் தின்கிறேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "லான், தண்ணி சூடா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பக்கத்துக் கடை யாங் அத்தை வந்து, "படிச்சுப் படிச்சு மூள சூடேறிடுச்சு. பேரிக்காய வேகவெச்சுக் குடு, இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினம் வேகவைத்த பேரிக்காய். அம்மா என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். மெதுவாகப் பேசுகிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

காவ் ஆசிரியர் ஓராண்டு விடுப்பு மனுவைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். டிசம்பர் 31-க்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டால் நீங்கள் எல்லாம் பட்டம் வாங்கும்போது நான் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். போடாவிட்டால், எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரிச் சான்று கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ஜனவரித் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்களாம். பெயர் கேட்க மாட்டோம், மாணவர் எண் மட்டும்தான் என்று வகுப்பில் அத்தனை பேருக்கும் வாக்குக் கொடுத்தவள் நான். எண் இருந்தால் பெயர் எதற்கு என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இனி உன் கணக்கு. காவ் அறையில் "சார், அத நான் போடல" என்றேன். "பின்ன யார் போட்டா?" என்றார். உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ என் பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாய். நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாய். அவர் அம்மா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, தான் செஞ்சதையே இல்லைங்கிறா. அதுவே ஒரு அறிகுறிதாம்மா" என்றார். என் அம்மாவின் முகத்தை நீயும்தான் பார்த்தாய்.

தடை செய்தது அதற்காக. நீ பதில் போட்டதற்காக இல்லை. தடையை எடுக்கவும் போவதில்லை. கைப்பேசியில் "ம்", "சரி" தவிர உன்னிடமிருந்து ஒன்றும் வராது. தாளில்தான் வாய் திறக்கிறாய்.

காவிடம் போய் உண்மையைச் சொல். என் பெயரில் என்ன போட்டாய் என்பதைக் கேள்விகளோடு எழுதி அனுப்பு. என்னைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

பெட்டியில் ஆப்பிள். மற்ற இரண்டு பேருக்கும் கொடு.

லான்

*

சாங்ஷா, டிசம்பர் 10

பெரியக்கா,

ஆப்பிள் வந்தது. ரெண்டாவது பெரியதை எடுத்தாள், மூணாவது நல்ல சிவப்பை எடுத்தாள். நான் மிச்சத்தை எடுத்துக்கொண்டேன். ரொம்ப இனிப்பு என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

காவ் ஆசிரியரிடம் போனேன். பொய் இல்லை, வாசல் வரைக்கும் இல்லை, உள்ளேயே போனேன். "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார். "ஒண்ணுமில்ல சார், அறையில விளக்கு எரியல" என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மின்சார வேலைக்காரர் வந்தார். விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஏணியில் ஏறி நின்று விளக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறங்கிப் போனார்.

இன்னொருத்தர் பெயரில் நிரப்பினால் நடத்தைப் பதிவில் கறுப்புப் புள்ளி விழும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. இருக்கிறதுதான், ஆனால் அதற்காக இல்லை. நான்தான் போட்டேன் என்றால், ஏன் அப்படிப் போட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். நீ கேட்டதே எனக்குத் தாங்கவில்லை.

கேள்விகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க உண்மை' முதல் 'கொஞ்சமும் இல்லை' வரை ஐந்து கட்டம். எனக்கு நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

நேற்று நான் பேசியதை இன்று நினைத்தால் வேறு யாரோ பேசியதுபோல் இருக்கிறது. இதற்கு, முழுக்க உண்மை.

எனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கொஞ்சமும் இல்லை.

பக்கத்தில் ஒருவர் கோபமாகவோ வருத்தமாகவோ இருந்தால், அது அவருடையதா என்னுடையதா என்று குழம்பிவிடுவேன். முழுக்க உண்மை.

தனியாக இருக்கும்போது அறையில் யாருமே இல்லாததுபோல் இருக்கும். பெரும்பாலும் உண்மை.

நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கும் முழுக்க உண்மை என்று போட்டேன். காவ் ஆசிரியர் பயந்தது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, ஏதாவது ஓர் அனுபவத்தைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லி. அதில் என்னவோ எழுதினேன். மறந்துவிட்டது.

என்னுடையதை எப்படி நிரப்பினேன் தெரியுமா? முதல் தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ அழுத்தியதைப் பார்த்துப் பார்த்து அதையே அழுத்தினேன். நீ யோசிப்பதே இல்லை, பார்க்கவே நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் அதையே நினைவுபடுத்திப் போட்டேன். கோபப்படாதே. நிறையப் பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

யூலின்

*

தியான்ஷுய், டிசம்பர் 17

நாலாவதே,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. இது நானா, இவள் யாரைப் பார்த்து எழுதினாள் என்று. அதை மடித்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நேற்று நான் பேசியது வேறு யாரோ பேசியதுபோல் இருக்கிறதா? முந்தின நாள் ஒரு வாடிக்கையாளரிடம் கத்தினேன். நினைத்துப் பார்த்தால் அது அப்படியே அம்மாவின் வாக்கியம், அம்மாவின் குரல். சரி, எனக்கு எது பிடிக்கும்? கணக்கியல் படிக்கிறேனே, அது நான் கேட்டதா, என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்ததா? நினைவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "லான், என்னம்மா?" என்று அம்மா ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கேயும் ஒரு கேள்வித்தாள். அக்டோபரில் சட்டுச் சட்டென்று அழுத்தியவள், இப்போது ஒவ்வொரு வரியிலும் நிற்கிறேன். "ரொம்ப யோசிக்கிறீங்களே" என்றார் டாக்டர். "யோசிச்சுப் போடுன்னுதானே டாக்டர் மேல எழுதியிருக்கு" என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிவு தெளிவாக இல்லை, மறுபடி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சான்று கிடைக்கவில்லை.

பேருந்தில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நெசமாவே அப்படித் தோணுதாடி?"

"இல்லம்மா."

"தோணுச்சுன்னா சொல்லு. கடைய மூடிட்டு உன்கூடவே உக்காந்துடறேன்."

அவள் கண் கலங்கியது. எனக்கும் அழுகை வந்தது. அது அவளுடையதா என்னுடையதா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. உன் கேள்விகளில் ஒன்று அப்படியே வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நீ எழுதியதைப் படித்ததால் இப்படி ஆகிறேனா, இல்லை முதலிலிருந்தே இப்படித்தான் இருந்து, அது உனக்கு மட்டும் தெரிந்திருந்ததா? மூன்று வருடம் எதிர்க் கட்டிலில் கிடந்தவள் நீ. நான் தூங்கும் முகத்தைக்கூடப் பார்த்திருப்பாய். நீ என்னைப் பார்த்து எழுதியது உண்மை என்றால், நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண் யார்?

மனு மேசைமேல் இருக்கிறது. இன்று பேனா மூடியைத் திறந்து வைத்தேன். போட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது.

லான்

*

சாங்ஷா, டிசம்பர் 21

பெரியக்கா,

கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் அனுப்பாதே.

நீ அப்படி இல்லை. நான் முன்னால் அப்படித்தான் என்று எழுதினேன், அது தப்பு. உனக்குக் கோபம் வந்தால் கோபம், பசித்தால் பசி. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

வென் ஆசிரியை என்னை வழியில் பார்த்து நிறுத்தினார். "யூலின்தானே நீ? ரெண்டு தடவையும் அச்சு மாதிரி ஒரே பதில் உன்னோடதுதாம்மா. உன்ன மாதிரி நிலையான பொண்ணுங்க இருந்தா என் ஆராய்ச்சி பொழைச்சுக்கும்" என்றார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். திருதிருவென்று விழித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் பாராட்டியது உன்னை. அந்த நன்றியை யார் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடு. அதில் இருப்பது நீ இல்லை. இதற்குமேல் எழுத வரவில்லை.

யூலின்

*

தியான்ஷுய், டிசம்பர் 25

யூலின்,

நாலாவதே என்று எழுதக் கை வரவில்லை.

இன்று காலை கடையில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தபோது வென் ஆசிரியை அழைத்தார். எப்படி இருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, "அந்தக் கடைசிக் கட்டத்துல நீ எழுதினதயே நெனச்சுக்கிட்டிருக்கேன் லான். இப்பவாவது சரியா சாப்பிடுறியா?" என்றார்.

"நான் என்ன மிஸ் எழுதினேன்?"

அவர் படித்தார். "சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு முன்னால் நிற்பவர் வாங்குவதையே வாங்குகிறேன். முன்னால் யாரும் இல்லாவிட்டால் வரிசையை விட்டு விலகி, யாராவது வரட்டும் என்று நிற்பேன். நான் மட்டும் போய் நின்றால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது."

நுரைக் கையோடு நின்றேன். நானா? மிளகாய் எண்ணெய் போதாது என்று சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற மாமாவிடம் சண்டை போட்டு, எனக்கென்று தனி டப்பா வைத்துக்கொண்டவள் நான். மூன்று வருடமாக எனக்குப் பின்னால் நின்று "எனக்கும் அதே" என்று சொல்வது யார்? "எனக்கும் அதே வந்துட்டாடி" என்று நாங்கள் கேலி செய்வோம். நீயும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாய்.

கேள்விகள் ஒவ்வொன்றாக என்னை விட்டு இறங்கின. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி ஞாபகம் வந்தது. நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முழுக்க உண்மை. அடி பாவி, அதைப் போட்டவள் நீ. உன்னைப் பற்றி.

உடனே தடையை எடுத்துவிட்டு உன்னை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. ரெண்டாவதை அழைத்தேன். "திரைய இழுத்துவிட்டுப் படுத்திருக்கா. மூணு நாளா வகுப்புக்கே வரல. சளின்னு சொல்றா" என்றாள். அவளை உன் கட்டிலருகே உட்காரச் சொல்லிவிட்டு, வென் ஆசிரியையைத் திரும்ப அழைத்து, இரண்டாம் தடவை என் பெயரில் நிரப்பியது நீ என்று சொல்லிவிட்டேன்.

அவர், "அப்போ யூலின் பேர்ல இருக்கிறது யாரு?" என்றார்.

"அது நான், மிஸ்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"எனக்குத் தல சுத்துதும்மா. இரு, நான் மொதல்ல விடுதிக்குப் போறேன்" என்றார். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் சொன்னதால் எனக்கு வழி பிறக்கும், தேர்வு எழுதுவேன். உன்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. உன் அப்பாவை வரவழைப்பார்கள். எனக்காகச் சொன்னேனா உனக்காகச் சொன்னேனா என்று கேட்காதே. ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தாலும் எதை அழுத்துவது என்று தெரியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னை வாய் நிறையத் திட்டினாள், ஊரையே கூட்டுகிற மாதிரி. பிறகு ஒளித்துவைத்த கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அந்தத் திட்டைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. அந்தச் சந்தோஷத்தோடு ஓர் ஆப்பிளை வெட்டினேன், உன் நினைப்பு வந்து தின்னாமல் வைத்துவிட்டேன்.

லான்

*

சாங்ஷா, ஜனவரி 6

யூலின்,

நீ பதில் போடவில்லை. உன் கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. உன் ஊர் முகவரியை மூணாவதிடம் வாங்கினேன்.

நான் அறைக்குத் திரும்பி வந்தபோது உன் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. உன் அப்பா சென்ஜோவிலிருந்து லாரியை எடுத்துக்கொண்டே வந்தாராம். வாசலில் நின்று எல்லோருக்கும் மாறி மாறி நன்றி சொன்னாராம். காவ் ஆசிரியர் என் விடுப்பு மனுவை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "உங்களால எனக்கு ஒரு மாசம் தூக்கமே இல்ல" என்றார். என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டார்.

வென் ஆசிரியை நம் இருவர் பதிலையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். இன்னும் எத்தனை பேர் இப்படி மாற்றிப் போட்டார்களோ என்று பித்துப் பிடித்த மாதிரி ஒவ்வொரு அறையாக ஏறி இறங்குகிறார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். ரெண்டாவதுதான் சொன்னாள்: "கேள்வித்தாள் ஒண்ணும் தப்பு பண்ணலடி. சரியான ஆளத்தான் பிடிச்சது. கட்டில்தான் மாறிப்போச்சு."

நேற்றுச் சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலத் திரும்பி நின்றேன், நீ சொல்லும் இரண்டு வார்த்தைக்காக. எனக்குப் பின்னால் ஒரு குண்டுப் பையன் நின்றிருந்தான். "நகருங்கக்கா" என்றான். நான் நகரவில்லை. சாப்பாட்டுக்கூட மாமா எட்டிப் பார்த்து, "உன் பின்னாடி ஒண்ணு நிக்குமே, அது எங்கே?" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு நீ போட்ட பதில் தப்பு. யாருக்கும் வித்தியாசம் தெரியாதாம். ஒரு வரிசையே நின்று போனது.

ஒரு வரியாவது எழுது. "சரி" என்று மட்டும் எழுதாதே.

லான்

*

சென்ஜோ, ஜனவரி 13

லானுக்கு,

உன் மேல் கோபமாக இருந்தது. வென் ஆசிரியையிடம் சொல்லாதே என்று நான் எழுதவில்லைதான், ஆனால் உனக்குப் புரிந்திருக்கும். ரொம்பக் கோபம். அது என்னுடைய கோபம்தான், வேறு யாருடையதும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. அப்படி எனக்குத் தெரிந்ததே அபூர்வம் என்பதால் கொஞ்ச நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் போடவில்லை.

நான் தெரிந்துதான் உன் பெயரில் அப்படி எழுதினேனா என்று இங்கே டாக்டர் கேட்டார். எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னை நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். உன் பெயர் மேலே இருந்ததால் தைரியமாக இருந்தது. என் பெயரில் என்றால் ஒரு கேள்விக்குக்கூட உண்மை வந்திருக்காது. எங்கே நீ முடிந்து எங்கே நான் ஆரம்பித்தேன் என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். அவர் அவசரப்படுத்துவதில்லை.

அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றி நேராக எழுதினாய். ஆமாம், அன்றைக்கு அது உண்மை. இன்றைக்கு எதைப் போடுவேன் என்று தெரியாது. முழுக்க உண்மை என்று போட மாட்டேன். சாப்பாட்டுக்கூட மாமா கேட்டார் என்று நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்பாவின் கதையைக் கேள். "இனிமே எல்லாத்தையும் அவளையே கேட்டுச் செய்யுங்க" என்று வென் ஆசிரியை ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்பா அதை லாரிக்குச் சரக்கு உத்தரவு வந்த மாதிரி எடுத்துக்கொண்டார். "யூலின், ஜன்னல் தெறக்கவா மூடவா? யூலின், எந்தப் போர்வ? யூலின், எந்தப் பக்கம் நடக்கலாம்?" வீட்டில் இதுவரை எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துதான் பழக்கம். இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வியர்த்துப்போகிறது.

இன்று காலை தெருமுனை நூடுல்ஸ் கடைக்குப் போனோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அங்கே அப்பா "மீன் நூடுல்ஸ், ரெண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்று ஒதுங்கி நின்று, "நீ சொல்லு" என்றார். எனக்கு முன்னால் யாரும் இல்லை. பலகையில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். எல்லாமே நன்றாக இருக்கும்போல இருந்தது, எதுவுமே வேண்டாம்போலவும் இருந்தது. பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கிண்ணத்தைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டேன். "என்ன பொண்ணு, பரீட்சையா எழுதுற?" என்றாள் கடைக்காரி. அப்பா அவளை முறைத்தார்.

கடைசியில் சொன்னேன். "மீன் வேணாம். புளிச்ச அவரைக்கா போட்டு, காரம் கொஞ்சமா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் குரல்தான்.

கடைக்காரி கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். "உனக்கு வழக்கம்போல மீனா?"

அப்பா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவருக்கு மீன் இல்லாமல் இறங்காது, காரம் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை.

"எனக்கும் அதே" என்றார்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கிண்ணத்தைக் காலி செய்தார். எனக்குப் பிடித்ததா என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்கும் போய் அதையே கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

யூலின்